அத்தை வாங்கிய வேரும் அத்தை எடுத்த படமும்

புரட்டாசி முடியும் சமயத்தில் அத்தையும் மாமாவும் முக்திநாத் போய்த் திரும்பினார்கள். வந்த மறுநாளே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் விழுந்தது. ஊதா நிறத்தில் கொத்தாகப் பூ, பின்னால் மொட்டை மலை, கீழே அத்தையின் குரல் பதிவு: “இதுதான் சடாமாஞ்சில் செடி. வேரு ஒரு கட்டு வாங்கிட்டு வந்திருக்கேன். சனிக்கிழமை எண்ணெய் காய்ச்சப் போறேன், யாராருக்கு வேணும்னு சொல்லிடுங்க.” கால் மணி நேரத்தில் ஆறு பேர் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். ஈப்போ சித்தப்பா மட்டும் “குறிஞ்சிப்பூ மாதிரி இருக்கே” என்றார். அப்புறம் கோலாலம்பூரில் படிக்கும் அண்ணன் மகன் அந்தப் படத்தை ஏதோ ஒரு செயலியில் போட்டுப் பார்த்து, வந்த பதிலை அப்படியே குழுவில் ஒட்டினான். அகோனிட்டம், கொடிய விஷம், தொடாதீர்கள்.

அதற்குப் பிறகு குழுவில் நடந்ததை எழுத வேண்டியதில்லை, உங்கள் வீட்டிலும் ஒரு குழு இருக்கும்.

இரவு எட்டரை மணிக்கு அத்தை எனக்கு போன் செய்தார். நான் தாவரவியல் படித்தவன் இல்லை. கணக்கு எழுதுவது தொழில், ஞாயிறு காலையில் பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பினாங்கு மலையில் ஏறி இறங்குவது பழக்கம். 833 மீட்டர் மலையில் பழகிய கண் இமயமலைச் செடிக்கு எவ்வளவு தூரம் உதவும் என்று எனக்கே சந்தேகம்தான். ஆனால் குடும்பத்தில் செடி என்றால் என் பெயர்தான் முதலில் வரும், அதனால் மறுநாள் வேலை முடிந்ததும் ஃபெரி பிடித்து பட்டர்வொர்த் போனேன்.

வேர்க்கட்டு சாப்பாட்டு மேசையில், நேபாளிப் பத்திரிகைத் தாளில் சுற்றி, சிவப்பு ரப்பர் பட்டை போட்டு இருந்தது. பிரித்ததுமே அந்த வாசனை. பெட்டிக்குள் பல வருஷம் கிடந்த பட்டுப் புடவை, மழை நனைத்த மண், கொஞ்சம் ஆட்டு வாடை, எல்லாம் ஒன்றாகக் கலந்த மாதிரி. ஒரு துண்டை எடுத்துப் பார்த்தேன், சுண்டுவிரல் நீளம், மேலே செம்பழுப்பு மயிர் சடைசடையாகப் போர்த்தியிருந்தது. சடாமாஞ்சில் என்று பெயர் வைத்தவன் இதைப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும். அந்த நிமிடமே நான் தீர்ப்பு எழுதிவிட்டேன்: வேர் சடாமாஞ்சில், ஆகவே படமும் சடாமாஞ்சில், செயலி உளறுகிறது.

இந்த வழக்கில் நடந்த பெரிய தவறு இதுதான், செய்தது நான்தான். அன்று மாலை முழுக்க அந்தப் பூவைச் சடாமாஞ்சிலுக்குள் திணிக்கப் பார்த்தேன். வெளிச்சத்தில் நிறம் மாறியிருக்கும், காற்றில் பூ திரும்பியிருக்கும், உயரம் கூடினால் உருவமும் கொஞ்சம் மாறும் என்று வரிசையாகச் சாக்கு. மாமா எதிரில் உட்கார்ந்து, “அப்ப கஷாயம் வச்சிக் குடிக்கலாமா? எனக்கு ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குது” என்று இரண்டு தடவை கேட்டார். தூக்கத்துக்குச் சடாமாஞ்சில் கொடுப்பது பழைய வழக்கம், அவர் கேட்டதில் தப்பில்லை. “ஆங், பார்க்கலாம் மாமா” என்றேன். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க முயன்றால், வாட்ஸ்அப் சுருக்கிய படம், இழுத்தால் கட்டம் கட்டமாக உடைகிறது. எடுத்த இடம், நேரம் எல்லாவற்றையும் அது வழியிலேயே கழற்றிப் போட்டுவிடும். அத்தையின் கைப்பேசியிலிருந்தே மூலப் படங்களை, படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்பச் சொன்னேன். பதினொரு படங்கள் வந்தன. ஒன்றில் மாமாவின் கட்டைவிரல். நான்கு காற்றில் கலங்கியவை. மிச்சம் ஆறும் நன்றாகவே இருந்தன. தகவலைத் திறந்தால் செப்டம்பர் 28, பிற்பகல், உயரம் 3,400 மீட்டர் சொச்சம், இடம் முக்திநாத்திலிருந்து காக்பேனிக்கு இறங்கும் சாலை.

உயரத்தை வைத்து ஒன்றும் கழிக்க முடியாது. சடாமாஞ்சில் 3,000 முதல் 5,000 மீட்டர் வரை வளரும், அகோனிட்டமும் அங்கேதான். மாதம் கொஞ்சம் பேசியது. சடாமாஞ்சில் பூப்பது பெரும்பாலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, செப்டம்பர் கடைசியில் இப்படிக் கொத்துக் கொத்தாக நிற்பது சந்தேகத்துக்குரியது. அகோனிட்டத்துக்கு அதுதான் பருவம்.

பூவுக்கு வருவோம். சடாமாஞ்சிலின் பூ சின்ன மணி மாதிரி, இளஞ்சிவப்போ வெளிர் ஊதாவோ, ஐந்து மடல், நான்கு மகரந்தத் தாள், எந்தப் பக்கம் பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே அமைப்பு. செடி ஒரு சாணிலிருந்து முழங்கால் உயரம். இலைகள் பெரும்பாலும் அடியில், நீளமாக, வெட்டில்லாமல். அத்தையின் படத்தில் இருந்தது கரு ஊதா, இடுப்பு உயரத் தண்டின் உச்சியில் அடுக்கு. ஒவ்வொரு பூவுக்கும் மேலே ஒரு மடல் வளைந்து இறங்கி முகத்தை மூடியிருந்தது, வெயிலுக்கு முந்தானையை இழுத்து முக்காடு போட்ட மாதிரி. பக்கத்தில் இரண்டு அகல மடல், கீழே இரண்டு குறுகல். ஏழாவது படத்தில் ஒரு பூவின் முக்காட்டுக்குள்ளிருந்து ஏதோ கறுப்பும் மஞ்சளுமாக எட்டிப் பார்த்தது. பெரிதாக்கினால், உடம்பெல்லாம் மயிர் அடர்ந்த குண்டுத் தேனீயின் பின்பாதி. தலையை உள்ளே விட்டுக்கொண்டு பின்னங்கால் இரண்டையும் கீழ் மடலில் ஊன்றியிருந்தது. முக்காட்டுக்குள் காம்பு வைத்த இரண்டு தேன் சுரப்பிகள் ஒளிந்திருக்கும், அகோனிட்டத்தின் அடையாளமே அதுதான். அவற்றை எட்ட இந்த மாதிரி பலசாலித் தேனீதான் வேண்டும்.

இலை ஒரே ஒரு படத்தில், அதுவும் ஓரத்தில், மாமாவின் செருப்புக்குப் பக்கத்தில் இருந்தது. விரித்த உள்ளங்கை மாதிரி ஆழமாக வெட்டிய மடல்கள். சடாமாஞ்சிலுக்கு அப்படி இலை கிடையாது.

அப்போதும் ஒரு கிளை பாக்கி. அகோனிட்டத்துக்கு நெருங்கிய உறவாக டெல்ஃபினியம் ஒன்று உண்டு, அதே மலை, அதே ஊதா, இலையும் கிட்டத்தட்ட அதே வெட்டு. அதற்கு மேல் மடல் முக்காடாக வளையாது, பின்பக்கமாக ஒரு கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும். பக்கவாட்டில் எடுத்த மூன்று படங்களிலும் தேடினேன், கொம்பு இல்லை. ஜென்ஷியன் என்று சொல்லவும் வழியில்லை, அதன் பூ ஒரு குழாய், இலைகள் எதிரெதிராக வரும். ஈப்போ சித்தப்பாவின் குறிஞ்சிக்கும் நியாயம் செய்துவிடுவோம், மலை என்றாலும் ஊதா என்றாலும் தமிழன் வாயில் முதலில் வருவது அதுதானே. நீலக்குறிஞ்சி மேற்குத் தொடர்ச்சி மலையின் புதர், 12 வருஷத்துக்கு ஒரு முறை கூட்டமாகப் பூக்கும், 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது. இந்தப் படத்தில் இருப்பது வருஷா வருஷம் தண்டு காய்ந்து மடிந்து, மண்ணுக்குள் கிழங்கு மட்டும் உயிரோடு இருந்து அடுத்த வருஷம் துளிர்க்கும் பூண்டு வகை.

ஆக செயலி சொன்னது சரி. அகோனிட்டம் பேரினம், அதுவரை உறுதி. எந்த இனம் என்று கேட்டால் படத்தை வைத்து யாரும் சொல்லக்கூடாது. பூக்காம்பில் இருக்கும் மயிர், முக்காட்டின் உயரம், கிழங்கு எல்லாம் கையில் இருக்க வேண்டும். உலகத்தில் 250க்கு மேல் அகோனிட்டங்கள், இமயமலையில் மட்டும் ஏகப்பட்டவை. செயலி ஓர் இனப் பெயரையும் சேர்த்துத்தான் கொடுத்தது, நான் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

மணி பன்னிரண்டரை. மேசையில் அத்தை கொடுத்தனுப்பிய ஒரு துண்டு வேர், திரையில் முக்காடு போட்ட பூ. வேர் சடாமாஞ்சில் என்று மூக்கு சொல்கிறது, பூ அகோனிட்டம் என்று கண் சொல்கிறது. இரண்டும் பொய் சொல்லவில்லை என்றால்? அந்த நேரத்தில் போன் போட்டேன், நல்லவேளை மாமாவின் தூக்கமின்மை கைகொடுத்தது.

“மாமா, அத்தைகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. படத்துல இருக்கிற செடியைத் தோண்டியா வேரை எடுத்துக் கொடுத்தாங்க?”

பின்னால் அத்தையின் குரல் கேட்டது. “இல்லப்பா, வேரு கோயில்ல இருந்து இறங்குற வழியில, சாளக்கிராமக் கல்லு விக்கிற அம்மாகிட்ட வாங்கினது. செடி எப்படி இருக்கும்னு கேட்டேன், அது கையை மலைப்பக்கம் காட்டிச்சு. அப்புறம் ஜீப்பு நின்ன இடத்துல வாய்க்கா ஓரமா இந்தப் பூ இருந்துச்சா, சரி இதுதான் போலன்னு எடுத்துக்கிட்டேன்.”

சரி இதுதான் போல. அவ்வளவுதான் விஷயம். கடைக்காரம்மா கொடுத்த வேருக்கும் வாய்க்கால் ஓரத்துப் பூவுக்கும் நடுவில் எந்தத் தொடர்பும் கிடையாது, அத்தை சொன்ன ஒரு பெயர் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டது. அண்ணன் மகன் படத்தைப் பார்த்து வேரை விஷம் என்றான், நான் வேரை முகர்ந்து படத்தைச் சாது என்றேன். திசைதான் வேறு, தப்பு ஒன்றே. என் தப்புதான் ஆபத்தானது. வேரும் அந்தப் பூவினுடையதாக இருந்திருந்தால் மாமா கஷாயம் குடித்திருப்பார்.

அகோனிட்டத்தை நம்மவர்களுக்குத் தெரியாமல் இல்லை. சித்த மருத்துவத்தில் வரும் நாபி இதன் ஓர் இனத்தின் கிழங்குதான், சுத்தி செய்யாமல் தொடமாட்டார்கள். சீனக் கடைகளில் ஃபூ ட்சு என்ற பெயரில் இருப்பதும் இன்னோர் இனம், பதப்படுத்தியது. அதில் இருக்கும் அகோனிட்டின் என்ற நஞ்சு நரம்பிலும் இதயத் தசையிலும் சோடியம் போகும் வாசல்களைத் திறந்தபடியே நிறுத்திவிடும். முதலில் வாயும் நாக்கும் கூசி மரத்துப் போகும், பிறகு வாந்தி, பிறகு இதயத் துடிப்பு தாறுமாறாகும். முறிவு மருந்து என்று தனியாக ஒன்று இல்லை, சில மில்லிகிராம் போதும். “கொதிக்க வச்சா போயிடாதா?” என்று மாமா கேட்டார். நல்ல கேள்விதான், நெடுநேரம் கொதிக்கும்போது அது சிதைந்து வீரியம் குறைந்த பொருளாக மாறும், பதப்படுத்துவதன் அடிப்படையே அதுதான். ஆனால் பட்டர்வொர்த் சமையலறையில் எவ்வளவு நேரம், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு குறைந்தது என்று யார் அளப்பது? தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் என்றாலும் தப்பிக்க முடியாது, அது தோல் வழியாகவும் இறங்கும். அகோனிட்டம் எல்லாமே இப்படி என்றும் சொல்லிவிடக்கூடாது, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அதிவிடயமும் இதே பேரினம்தான், அதில் அகோனிட்டின் இல்லை.

இப்போது படத்தைத் தனியாக மூடி வைத்துவிட்டு, வேரை வேராக மட்டும் பார்க்க வேண்டும். சனிக்கிழமை காலை லெபோ பசாரில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் பத்து ரிங்கிட்டுக்குச் சடாமாஞ்சில் வாங்கினேன். கடைக்கார பாய் நான் லென்ஸ் வைத்துப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, தங்கமா?” என்றார். அதை எடுத்துக்கொண்டு மறுபடி பட்டர்வொர்த். அத்தை எண்ணெய்ச் சட்டியை எடுத்து வைத்திருந்தார், கரிசலாங்கண்ணி வேறு அரைத்து ரெடி.

கட்டில் மொத்தம் 23 துண்டு. ஒவ்வொன்றையும் வெள்ளைத் தாளில் வைத்து, லென்ஸ், உடைப்பு, மூக்கு. சடாமாஞ்சிலின் மயிர் என்று நாம் சொல்வது உண்மையில் பழைய இலைக்காம்புகளின் எலும்புக்கூடு. சதை மக்கிப் போய் நார் மட்டும் மிஞ்சி, லென்ஸில் பார்த்தால் கிழிந்த வலை மாதிரி, எல்லாம் ஒரே பக்கமாக மேல்நோக்கிப் படிந்திருக்கும். உடைத்தால் படக்கென்று உடையும், உள்ளே செம்பழுப்பு. 20 துண்டுகள் அப்படியே இருந்தன, பாய் கடைச் சரக்கோடு மயிருக்கு மயிர் பொருந்தியது. அகோனிட்டக் கிழங்கு என்றால் சின்ன முள்ளங்கி மாதிரி மேலே தடித்துக் கீழே கூராக, சடை இல்லாமல், சொல்லும்படி வாசனை இல்லாமல் இருக்கும். அப்படி ஒன்றுகூட இல்லை. இதைச் சொன்னதும் அத்தை முகத்தில் வெளிச்சம்.

மூன்று துண்டுகள் மட்டும் உறுத்தின. அவற்றுக்கும் தலையில் நார் உண்டு, ஆனால் கொஞ்சமாக, முரடாக. வேர் தடிமனாக, மேலே வளையம் வளையமாகச் சுருக்கம். உடைத்து முகர்ந்தால் அந்தப் பழம்புடவை வாசனை வரவில்லை, வேறு ஏதோ, தெரிந்த வாசனைதான், பிடிபடவில்லை. அத்தையிடம் நீட்டினேன். ஒரே இழுப்பு. “டேய், இது சூப்புக்குப் போடுற தாவுன் சுப் வாசம்டா. இல்ல, சீனன் கடை தாங்குய் சூப்பு.”

நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். தாவுன் சுப் என்ற செலரிக் கீரை, சீன மருந்து வேரான தாங்குய், சீரகம், கொத்தமல்லி எல்லாம் ஒரே குடும்பம். சடாமாஞ்சிலுக்கும் அந்தக் குடும்பத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் சடாமாஞ்சிலில் கலப்படமாக வருவது என்று மருந்துச் சரக்கு ஆராய்பவர்கள் முதலில் சொல்லும் பெயர் செலினம், வடக்கே பூதகேசி என்பார்கள், அது அதே கொத்தமல்லிக் குடும்பத்து இமயமலைச் செடி, அதன் வேர்த் தலையிலும் நார் சடை இருக்கும். லென்ஸ், படம், செயலி என்று நான் மூன்று நாள் சுற்றிக்கொண்டிருக்க, நாற்பது வருஷம் ரசமும் சூப்பும் வைத்த மூக்கு ஒரு நொடியில் குடும்பத்தைப் பிடித்துவிட்டது. வேரை நாக்கில் வைத்துப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம் என்று நான் சொன்னதற்கு, “எனக்குத் தெரியாதா” என்று ஒரு முறைப்பு.

பெயர் ஒரு பக்கம், செடி இன்னொரு பக்கம் போகும் இந்தக் கூத்து சடாமாஞ்சிலுக்குப் புதிதில்லை. பைபிளில் வரும் நளதத் தைலம் எந்தச் செடியிலிருந்து வந்தது என்று கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸுக்கு ஓர் ஆராய்ச்சி. சமஸ்கிருதமும் கிரேக்கமும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று 1786இல் சொன்னாரே, அதே ஜோன்ஸ். அது ஜடாமாம்ஸி, அதாவது நம்ம சடாமாஞ்சில்தான் என்று அவர் சரியாகவே பிடித்தார். ஆனால் பூட்டான் பக்கமிருந்து வரவழைத்த செடி வேறு ஒன்று, வலேரியன் வகை. அதற்கு அவர் 1790இல் வலேரியானா ஜடாமான்சி என்று பெயரும் வைத்துவிட்டார். முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை என்பது தாவரவியல் விதி, அதனால் இன்றைக்கும் அந்தப் பெயர் சடாமாஞ்சில் இல்லாத செடியின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அசல் சடாமாஞ்சில் நார்டோஸ்டாக்கிஸ் ஜடாமான்சி. அந்த வலேரியனுக்கு வாலிச்சின் பெயரில் இன்னொரு பெயரும் புழங்கியது. கல்கத்தா தாவரத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட அந்த டேனிஷ்காரர் 1820இல் நேபாளத்தில் செடி சேகரித்தார், 1822இல் நம்ம பினாங்குக்கும் வந்து போனார். முக்திநாத்தும் பினாங்கும் என் சாப்பாட்டு மேசையில்தான் முதலில் சந்தித்தன என்று நினைத்திருந்தேன், ஆள் இருநூறு வருஷம் முந்திவிட்டார்.

முடிவாக என்ன செய்தோம். எண்ணெய் காய்ச்சியது காய்ச்சியதுதான், ஆனால் பாய் கடைச் சரக்கில். மாமாவுக்குக் கஷாயம் கிடையாது, ஏற்கெனவே இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர், தூக்கத்துக்கு டாக்டரைப் பார்க்கச் சொன்னேன், முணுமுணுத்துக்கொண்டே போனார். யாராவது எதையாவது குடித்திருந்தால் பினாங்கிலேயே, அறிவியல் பல்கலைக்கழகத்தில், தேசிய நச்சு மையம் இருக்கிறது என்பதையும் குழுவில் போட்டேன், அதற்கு ஒரே ஒரு கட்டைவிரல் வந்தது.

அத்தையிடம் சொல்லக் கஷ்டமாக இருந்தது வேறு விஷயம். வேர் விஷமில்லை என்று சந்தோஷப்பட்டவரிடம், அதை அப்படிக் கையோடு கொண்டுவந்திருக்கக்கூடாது என்று சொல்ல வேண்டியிருந்தது. சடாமாஞ்சிலின் வேர்தான் சரக்கு, வேரைத் தோண்டினால் செடி காலி. தோண்டித் தோண்டி, இன்று அது அனைத்துலகப் பாதுகாப்புப் பட்டியலில் அழிவின் விளிம்பில் இருக்கும் இனம். 1997 முதல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் இருக்கிறது, எல்லை தாண்டுவதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும். மலேசியாவிலும் அதற்கென்று 2008இல் சட்டம் வந்துவிட்டது. விமான நிலையத்தில் யாரும் கேட்கவில்லையாம், இவரும் சொல்லவில்லையாம். “முந்நூறு ரூபாய் வேருக்கு இவ்வளவு கதையா?” என்றார். நேபாள ரூபாய். கொஞ்ச நேரம் கழித்து, “அந்தம்மாவும் பாவம், கல்லு வித்துத்தான் பிழைக்குது” என்று அவரே பேச்சை மாற்றினார்.

பாய் கடைச் சரக்கும் அதே மலையிலிருந்துதான் வருகிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அடுத்த தடவை எண்ணெய் காய்ச்சும்போது கரிசலாங்கண்ணியும் கறிவேப்பிலையும் போதும் என்று சொல்லியிருக்கிறேன், கேட்பாரா பார்ப்போம்.

இனி பெயரால் எதையும் முடிச்சுப் போடக்கூடாது என்று இரண்டு தனி உறைகள் போட்டேன். முதல் உறையில் எழுதியது: படம், 11, செப்டம்பர் 28, முக்திநாத்–காக்பேனி சாலை, வாய்க்கால் ஓரம், 3,400 மீட்டர், அகோனிட்டம், இனம் குறிக்கவில்லை, வேர் எடுக்கவில்லை. இரண்டாவதில்: வேர், 23 துண்டு, கடையில் வாங்கியது, தோண்டிய இடம் இல்லை, 20 சடாமாஞ்சில், 3 கொத்தமல்லிக் குடும்பம், செலினமாக இருக்கலாம், வாசனையைக் கண்டுபிடித்தது அத்தை. கடைசி வரியை அவர் படித்துப் பார்த்துவிட்டு, பேனாவை வாங்கித் தன் பெயரையும் பக்கத்தில் எழுதிக்கொண்டார்.